தென்னோலையில் கிடந்த கூறு

நம்பாமல் வாசித்தால் உங்களுக்கு நல்லது, தூக்கம் வரும். ஆனால் நடந்தது நடந்ததுதான். என் சைக்கிள் கரியரில் உப்புப் பூத்துத் துருவேறிய இடம் இன்னும் இருக்கிறது. கல்முனைக்கு வந்தால் காட்டுகிறேன்.

1980 மே மாதம், ஒரு சனிக்கிழமை. சூறாவளி அடித்து ஒன்றரை வருடம். என் தங்கை சபூறாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை றஸாக், கொழும்பிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சூறாவளியில் வீடு விழுந்த ஒரு வளவை வாங்கி, சபூறாவுக்கென்று வாப்பா புது வீடு கட்டியிருந்தார். ஆகவே மாப்பிள்ளைக்கு ஊரும் பிடிக்க வேண்டும், வீடும் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கலைந்திருந்தது. அதில் ஒன்று என் வாயால்.

“இதுவும் கலைஞ்சா நீ வீட்டுப் பக்கம் வராத மனே” என்று உம்மா சொல்லித்தான் அனுப்பினா.

கடற்கரைப் பள்ளி காட்டினேன். மருதமுனையில் தறி காட்டினேன். சாய்ந்தமருதில் கையை விரித்து, “இதுதான் கடல்” என்றேன்.

“கொழும்பிலயும் இருக்கு நானா” என்றார் றஸாக்.

அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணி 4.50. கயிற்றில் கை வைத்தவனுக்கு ஒரு கூறு மீன், அது கடற்கரை வழக்கம். றஸாக் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி இழுத்தார். நான் கரையில் நின்று விளக்கம் சொன்னேன். விளக்கத்துக்குக் கூறு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

5.25க்கு மீனைக் கூறு போட்டார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. சற்றுத் தள்ளி, தென்னோலை ஒன்றின் மேல். நல்ல பாரைக்குட்டிகள், ஏழு.

ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போனார்கள் என்பதை விட, பார்க்கக்கூடாது என்று போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ, மாப்பிள்ளை கையில் மீனும் மச்சான் வெறுங்கையுமாகப் போவதா என்று யோசித்தேன். ஈர்க்கிலில் கோர்த்து ஹாண்டிலில் தொங்கவிட்டேன்.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒரு வயசாளி நிமிர்ந்தார்.

“சொல்லிப்போட்டு எடுத்தயா?”

“ஆருக்கிட்ட?”

அவர் கடலைப் பார்த்தார்.

மணலில் சைக்கிளை உருட்டினோம். தார் ரோட்டுக்கு ஏறியதும் நான் சீற்றில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே “ஏறுங்க” என்றேன்.

கரியர் அமுங்கியது.

மணி 5.45. மிதித்தேன். காலையிலிருந்து அதே ஆளைத்தான் ஏற்றித் திரிந்தேன். இப்போது நெல் மூட்டை மாதிரிக் கனத்தார். கடற்கரையில் குடித்த இளநீராக இருக்கும் என்று நினைத்தேன்.

“வீட்டுக்குத்தான் போறம். பாத்தா விடமாட்டீங்க” என்றேன்.

“ஓம் தம்பி.”

குரல் கரகரத்தது. அதை விட, காலையிலிருந்து அண்ணன் முறையில் ‘நானா’ என்றவர் இப்போது ‘தம்பி’ என்கிறார். நம் ஊர்ப் பேச்சைப் பழகுகிறார் போல என்று எனக்குள் சிரித்தேன்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

மீனிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் சொட்டியது. ஏழு மீனில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?

5.58. ஒரு பாரைக்குட்டி வாயைத் திறந்து மூடியது.

என் முதுகுச் சட்டை நனைந்திருந்தது. வியர்வை இல்லை. குளிர்ந்தது.

“மாப்புள்ள... ஏன் பேசாம வாறீங்க?”

“வீடு கிட்டடிதானே.”

வீடு எங்கே என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

6.05. புது வீட்டு வளவுக்குள் நுழைந்தேன். கரியர் லேசானது.

உம்மா வாசலில் நின்றா. “மாப்புள்ள எங்க?”

“பின்னால...”

பின்னால் யாரும் இல்லை. கரியரில் தண்ணீர். ஹாண்டிலில் மீன் இல்லை.

வீட்டைச் சுற்றி ஓடினேன். பின்பக்கம், சமைக்கிற குசினியின் கதவு. சூறாவளிக்குப் பிறகு அந்த வளவில் மிஞ்சிய ஒரே சாமான் என்று வாப்பா புது வீட்டிலும் அதையே பொருத்தியிருந்தார். அதன் நிலையில் ஒரு பழைய ஆணி. ஆணியில் என் ஈர்க்கில் கோர்வை. ஏழு மீனும் செதில் நீக்கி, குடல் எடுத்து, கழுவியிருந்தது.

இன்னும் குடிபோகாத அந்த வீட்டில் அன்று ஒரு கத்தி கூட இல்லை.

பள்ளியில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொன்னார்கள்.

6.35க்கு றஸாக் வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்து சேர்ந்தார். கையில் அவர் கூறு. முகம் சிவந்திருந்தது.

“ஏன் நானா, சப்பாத்து மணலத் தட்ட நான் குனிஞ்ச நேரம் வேற ஆள ஏத்திட்டுப் போனீங்க? கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லயே!”

“வேற ஆளா?”

“சட்ட இல்ல. இடுப்பில நனஞ்ச சாரன். நீங்கதானே ஏறச் சொன்னீங்க.”

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆணியில் தொங்கிய மீனைக் காட்டியதும் றஸாக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சம்பந்தம் கலையவில்லை. சபூறாவைக் கட்டச் சம்மதம், வீடுதான் வேண்டாம் என்றார் றஸாக். நாங்கள் குடியிருந்த பழைய வீட்டை அவர்களுக்குக் கொடுத்தோம். புது வீட்டுக்கு யார் போனது என்று கேட்காதீர்கள். உம்மாவும் வாப்பாவும் நானும்தான்.

மறுநாள் வலை முதலாளி சீனிமுகம்மதிடம் போனேன். அந்தக் கூறு அபூசாலிக்கு உரியதாம். முன்கயிறு பிடிப்பவர். சூறாவளி அன்று தோணியைக் கட்டப் போய் வரவில்லை. மையித்தும் கரையொதுங்கவில்லை. அதனால் அவருக்குக் கூறு போடுவதை ஒருவரும் நிறுத்தவில்லை.

“அவர்ர வீடு எங்க?” என்றேன்.

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பொஞ்சாதி வித்துப்போட்டு அக்கரைப்பற்றுக்குப் போயிட்டா. பேர் சித்தி லைலா.”

எங்கள் வளவின் உறுதிப் பத்திரத்தில் விற்றவர் என்று இருந்த பெயர். எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பெயரில்தானே இருக்கும்! புருஷன் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை.

அன்றே அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். சித்தி லைலா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டா. அழவில்லை.

“மீன் கழுவியிருந்ததா?”

“ஓம்.”

“கழுவி அந்த ஆணியில மாட்டிப்போட்டுத்தான் என்னக் கூப்பிடுவார்.” பிறகு மெதுவாகச் சொன்னா.

“நான் வீட்ட வித்தது அவருக்குத் தெரியாது தம்பி.”