உபதேசியாரம்மா

மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை என் அத்தைதான் சாமியார் என்று ஒன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தாய்ப்பங்கான பெரிய கோயிலிலிருந்து பங்குச்சாமியார் பைக்கில் வருவார். அத்தைக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்கத்தான் அவர் வருகிறார் என்பது என் எண்ணம். அவர் வந்தால் எல்லோருக்கும் நாக்கில் அப்பம் வைத்து நன்மை கொடுப்பார். அத்தை கொடுக்க மாட்டாள். அத்தையின் வாரங்களில் அப்பம் தீர்ந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வேதக்காரர்கள் நாற்பது வீடு இருப்போம். அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. அந்தக் கோயிலுக்கு உபதேசியாராக இருந்தவர் என் மாமா, அதாவது அத்தையின் கணவர். சாமியார் வராத வாரங்களில் வேதாகமம் வாசிப்பது, ஜெபம் நடத்துவது, கெட்ட காரியம் என்றால் போய் முன்னால் நிற்பது எல்லாம் அவர் வேலை. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கியது. அத்தை பக்கத்தில் நின்று வரிவரியாக மெல்ல வாசிப்பாள், அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். கொஞ்ச நாளில் அவருக்குக் குரலும் தேய்ந்துபோனது. அத்தையே சத்தமாக வாசிக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். பிறகு நாற்காலி காலியானது. அத்தை நிறுத்தவில்லை. சாமியாருக்கு எங்கள் ஊரைப் போல இன்னும் ஆறு ஊர். "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்கம்மா" என்று அவர் சொன்னாராம். வேறு ஆளை யாரும் தேடவில்லை. ஆறு வருடம் அப்படியே ஓடியது.

வாரநாட்களில் அத்தை பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய் செக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். ஓட்டை இருக்கும் பீஸ்களைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போடும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் குத்துவிளக்கைத் துடைப்பாள். சாமியாரின் அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பதும் அவள்தான். ஊரே அவளை உபதேசியாரம்மா என்றுதான் கூப்பிடும். உபதேசியாராக இருக்கும் அம்மா என்று நான் அதற்குப் பொருள் வைத்திருந்தேன். உபதேசியாரின் பெண்சாதி என்பதற்குமேல் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுமில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் கோயிலுக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டில் ஒரு அக்கா சாகக் கிடந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். பவர் டேபிள் டெய்லர். அவள் புருஷன் கட்டிங் மாஸ்டர். குழந்தை இல்லை. கர்ப்பப்பையில் புற்று என்று கோயமுத்தூரில் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொந்தபந்தம் எல்லாம் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். அதனால் அத்தை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பகல் முழுவதும் அவளோடு இருந்தாள். அம்மா காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சியைத் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அன்று சனிக்கிழமை, மத்தியானம். ஷிப்மென்ட் நாள் என்று கட்டிங் மாஸ்டரைக் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். நான் கஞ்சியோடு உள்ளே போனபோது அந்த அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பாவத்தக் கேக்க சாமியார் ரெண்டு தடவ வந்தாரு யக்கா. ரெண்டு தடவயும் பொய் சொன்னேன், கோவப்பட்டேன்னு எதையோ சொல்லி வச்சேன். அத மட்டும் சொல்ல வாய் வரல. ஒரு ஆம்பளகிட்ட அத எப்படிச் சொல்லுவேன்? நீங்க கேளுங்க."

"நாங் கேக்கக் கூடாது கண்ணு. அவரு கேட்டாத்தான் அது பாவசங்கீர்த்தனம். எங்கிட்டச் சொன்னா வெறும் பேச்சுத்தான்."

அத்தை செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சாமியாருக்குப் போட்டாள். அவர் கோயமுத்தூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே கிளம்புவதாகச் சொன்னார். அஞ்சு மணிக்குள் வந்துவிடுவாராம். அத்தை உள்ளே போய் அதைச் சொன்னபோது அந்த அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அதுவரை இருக்க மாட்டேன் என்று அதற்குப் பொருள். எனக்கே அது புரிந்தது.

அத்தை செல்போனை இடுப்பில் செருகினாள். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய போயி சாமி வண்டி வருதான்னு பாரு கண்ணு" என்றாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. நான் போனேன். போய்விட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சல் அப்படி. பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அத்தை பாயில் முழங்காலிட்டுத் தன் காதை அந்த அக்காவின் வாயருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். நடுவில் ஒருமுறை அத்தையின் தோள் குலுங்கியது. கடைசியில் நிமிர்ந்து, முந்தானையால் அந்த அக்காவின் முகத்தைத் துடைத்து, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அத்தையின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட அவள் இருக்கவில்லை.

சாமியார் சொன்னபடி அஞ்சு மணிக்கு முன்னாலேயே வந்தார். சட்டையெல்லாம் புழுதி. கட்டிங் மாஸ்டர் அதற்குள் வந்து வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சாமியார் நல்ல மனிதர். எப்போது வந்தாலும் எங்களுக்கு மிட்டாய் கொண்டுவருவார். "கடைசி நேரத்துல வர முடியாமப் போச்சே, பாவம்" என்று என் தலையில் கை வைத்தபடி வருத்தப்பட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அந்த வருடம்தான் எனக்குப் புதுநன்மை, முதல்முறையாக அப்பம் வாங்கப்போகிறேன். அதனால் இந்த விஷயமெல்லாம் அத்துப்படி என்ற பெருமையும் இருந்தது.

"நீங்க வருத்தப்படாதீங்க சாமி. எங்கத்தையே பாவசங்கீர்த்தனம் கேட்டுப்போட்டாங்க. சிலுவை போட்டு மன்னிப்பும் குடுத்துட்டாங்க" என்றேன்.

மன்னிப்பு கொடுத்ததை நான் கேட்கவில்லை. சிலுவை போட்டால் அடுத்தது அதுதானே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். தலைமேல் இருந்த கை மெல்ல விலகியது. வாசலில் உட்கார்ந்திருந்தவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் கட்டிங் மாஸ்டர் அத்தை வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. அழுதுகொண்டுதான் வந்தார்.

"எங்கிட்டச் சொல்லாதத உங்ககிட்டச் சொல்லிருக்கா. அது என்னன்னு தெரியாம நான் எப்படித் தூங்குவேன்?"

"அது அவ ஆண்டவருக்குச் சொன்னதுங்க" என்றாள் அத்தை.

"சாமியார்தான் வெளிய சொல்லக் கூடாது. நீங்க சாமியாரா? நீங்க சொல்லலாம்லா?"

அவர் அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் கம்பெனி வாசலுக்கே போய் நின்றார். ஊரில் பேச்சு கிளம்பியது. அந்தப் பெண் யாரோடோ இருந்தாள் என்றார்கள் சிலர். அவள் சொந்த ஊரில் ஒரு பிள்ளை வளர்கிறது என்றார்கள் வேறு சிலர். செத்தவளைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை முளைத்தது.

அடுத்து சாமியார் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் யாரையும் போக வேண்டாம் என்றார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கட்டிங் மாஸ்டர் முன்வரிசையில் இருந்தார். அத்தை எழுந்து நின்றாள். சாமியார் அதட்டவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் கேட்டார். "அம்மா, நீங்க பாவசங்கீர்த்தனம் கேட்டதாச் சொல்றாங்க. அப்படி இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆறுதலுக்கு ஏதோ பேசியிருப்பீங்க. அப்படின்னு மட்டும் சொல்லுங்க, போதும். இதோட விட்டுடலாம்."

"அப்ப வெறும் பேச்சுன்னா எனக்குச் சொல்லணும் சாமி" என்று கட்டிங் மாஸ்டர் எழுந்தார். "புருஷன் நான். எனக்குச் சொல்லாம எப்படி?"

கோயிலே சரி என்பதுபோல அவரைப் பார்த்தது. அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் பட்டிருக்க வேண்டும். எல்லோரும் அத்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அத்தை சாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "பேச்சில்லீங்க சாமி. பாவசங்கீர்த்தனமாத்தானுங்க கேட்டேன்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நான் இத கோயமுத்தூர் ஆயருக்கு எழுதியாகணும்மா."

"தெரியுமுங்க."

அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்பினாள். ஆனால் யாரும் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மாவும்தான். இரண்டு வாரத்தில் ஆயரிடமிருந்து கடிதம் வந்தது. அத்தை இனிமேல் ஜெபம் நடத்தக்கூடாது, வாசகம் வாசிக்கக்கூடாது, கோயில் சாவியை ஒப்படைக்க வேண்டும். அத்தைக்கு அதைப் படித்துக் காட்ட எங்கள் வீட்டுக்கு வந்த சாமியார் காப்பிகூடக் குடிக்கவில்லை. அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனக்கா, இல்லேன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார்.

"எனக்கு முடிஞ்சிருக்கும்" என்றாள் அத்தை.

கட்டிங் மாஸ்டர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனம் என்று அவளே சபையில் சொன்ன பிறகு அதைக் கேட்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கொஞ்ச நாளில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். செத்தவளைப் பற்றிய கதைகளும் நின்றுபோயின. ஊருக்குப் பேச அத்தை கிடைத்துவிட்டாளே. சாமியார் உடுப்பை மாட்டிப் பார்த்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் வந்தது. அவள் அந்த உடுப்பைத் துவைத்து மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அன்று சாமியாரிடம் நான் சொன்னதையே, அடுத்த மாதம் என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் சொல்லியிருந்தால், அதை அவர் செத்தாலும் வெளியே விட்டிருக்க மாட்டார். நான் வாசலில் வைத்துச் சொன்னேன். காலேஜ் முடித்த வருடம் இதை அத்தையிடம் சொல்லி அழுதேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். "நீ பார்த்தத நீ சொன்ன, உடு" என்றாள். நான் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன் என்றேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். நெற்றியில் சிலுவை போட்டபோது அவள் உதடு அசைந்ததே, அந்த மன்னிப்பு வார்த்தைகளைத்தான் சொன்னாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அத்தை இறந்துபோனாள்.

இந்தக் குற்ற உணர்ச்சியெல்லாம் பின்னால் வந்தது. அந்த வயதில் எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை. நிட்டிங் சூப்பர்வைசர் ஒருவரைப் புது உபதேசியாராகப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு வரி வாசிப்பார், தொண்டையைச் செருமுவார், விட்ட இடம் தெரியாமல் மறுபடி அதே வரியை வாசிப்பார். அத்தை எல்லோருக்கும் பிறகு வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். நான் அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிப்போய் அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். கோயிலில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாமியார் வரும் வாரத்திலும் அவள் பீடத்தின் ஓரத்தில்தான் இருப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பூசையில் தூங்குவதற்கு ஒரு மடி இருந்தது. எனக்கு அம்மாவின் மடியைத் தம்பி பிடித்துக்கொள்வான்.

"அத்தை, இனிமே எல்லா வாரமும் இங்கயே எங்கூட உக்காந்துக்குவீங்களா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"ஆமாங் கண்ணு" என்றாள்.

அன்று அந்தக் கோயிலில் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.