துமாரியாவின் இடக்கைப் பிடி

எங்கள் ஊரில் பிடிகொழுக்கட்டையைப் பார்த்தே எந்த வீட்டுக்காரி பிடித்தது என்று சொல்லிவிடலாம். துமாரியா பிடித்தது என்றால் சின்னப் பிள்ளையும் சொல்லும். அவள் இடக்கைக்காரி. விரல் தடம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

துமாரியா என் மைத்துனன் ஹபோசானின் மனைவி. பன்றி வளர்ப்பாள், பாய் முடைவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூரை அதிரப் பாடுவாள். கோபம் வந்தால் மட்டும் சத்தமே வராது. பேசாமல் இருந்தே ஆளைக் கொன்றுவிடுவாள்.

கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்தது ஒரு சாம்பிராணித் தோப்பு. சுமத்ராவில் எங்கள் மலைப்பக்கம் அது பெரிய சீர். தோப்பு காட்டுக்குள்ளே, ஒரு பகல் நடை. ஹபோசான் போய் மரப்பட்டையைக் கீறிவிட்டு வருவான். பிறகு போய், வடிந்து உறைந்த பாலைச் சுரண்டி மூட்டையாகக் கொண்டுவருவான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து பட்டை, தூசி நீக்கித் தரம் பிரிப்பாள். மூத்தவன் திகோர் முதல் பிள்ளைகள் எல்லாம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள், அவள் தன் மரத்தைப் பார்த்ததே இல்லை. பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கூட்டிப்போனதும் இல்லை.

போன அறுப்பு சமயத்தில் அவள் அப்பா இறந்துபோனார். கீறும் பருவம் வந்ததும் ஹபோசானிடம் கேட்டாள்.

"திகோர் அப்பா, இந்தத் தடவ நானும் வர்றேன். அப்பா குடுத்த மரத்தப் பாக்கணும்."

"காட்டுக்கா? அட்டை கடிக்கும்டி."

"உங்கள மட்டும் கொஞ்சுதாக்கும்?"

"பசங்க சிரிப்பானுங்க."

அவ்வளவுதான். மாவுப் பானையை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் மலையில் ஒரு நம்பிக்கை உண்டு: மனைவி மனதில் வருத்தத்தை வைத்துவிட்டு வந்து கீறினால் மரம் பாலை அடைத்துக்கொள்ளும். அவள் கையால் பிடித்த கொழுக்கட்டையை முதலில் மரத்துக்கு வைக்க வேண்டும். இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? அவள் பன்றிக்குத் தீனி வைக்கப் போன நேரம் பார்த்துத் தானே பிடித்து எடுத்து வந்துவிட்டான்.

நானும் என் தோப்பைக் கீற அவனோடு போயிருந்தேன். காட்டுக் குடிசையில் கொழுக்கட்டை இலையைப் பிரித்தான். பக்கத்துத் தோப்புக்காரன் பார்லின் எட்டி விரல் தடத்தைப் பார்த்தான்.

"என்னப்பா, துமாரியாவுக்குக் கை இப்படி வீங்கிருச்சு?"

"வீங்கினது மட்டுமா? இடக்கை வலக்கையா மாறிப்போச்சு!" என்றேன் நான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு பார்லின் சிரிப்பை நிறுத்தினான். "இறங்கிப் போய்ச் சமாதானம் பண்ணிட்டு வா. உன்னால எங்க மரமும் அடைச்சுக்கிட்டா என்ன பண்றது?"

ஹபோசான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினான். திரும்பி வந்தபோது பின்னால் துமாரியா. காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம், கையில் கொழுக்கட்டைப் பொட்டலம். யாரும் சிரிக்கவில்லை.

மரத்தடியில் கொழுக்கட்டையை வைத்தான். கத்தியை எடுத்துக்கொண்டு முறைப்படி கேட்டான்.

"மனசுல ஒண்ணும் இல்லியே?"

"இருக்கு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அவள் பாட்டுக்கு மரம் மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பருத்த மரத்தருகே நின்றாள். பட்டையில் பழைய தழும்புகள், வரிசையாக, எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை.

"இது யாரு கீறினது?"

"உங்கப்பாதான். அவருக்கும் இடக்கைதான?"

"இத்தன வருசமா இதப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நீ கேக்கலியே..."

அட முட்டாப் பயலே! எழுந்து ஒரு அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

அவள் தழும்புகள் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஹபோசான் பக்கத்தில் போய் நின்றான். "தப்புதான் துமாரியா" என்றான். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கையை நீட்டினாள்.

"கத்தியக் குடுங்க."

அவன் என்னைப் பார்த்தான்.

"குடுறா" என்றேன்.

இடக்கையால் கீறினாள். முதல் கீறல் வழுக்கிவிட்டது. இரண்டாவது பட்டைக்குள் சரியாக இறங்கி, அப்பாவின் தழும்புக்குப் பக்கத்தில் அதே சாய்வில் விழுந்தது.

"இப்ப மனசுல ஒண்ணும் இல்லியே?" ஹபோசான் மெல்லக் கேட்டான்.

"இல்ல. நீங்க போய் மத்த மரத்தக் கீறுங்க. இத இனிமே நான் பாத்துக்கிறேன்."