பிடுங்கினால் இலவசம்

கத்திரிக்கு நான் ஒரு காலத்தில் இரண்டு மாதக் கூலி பாக்கி வைத்திருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு தையல் மிஷின், அதுவும் தவணையில் வாங்கியது. கையில் முதல் லாபம் வந்த அன்றே கொடுத்துவிட்டேன். கடனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன் இல்லை நான். இன்றைக்கு அறுபது மிஷின் ஓடுகிறது. முதல் வரிசையில் முதல் மிஷின் அவளுடையதுதான்.

'கத்திரி' என்பது மற்ற பெண்கள் வைத்த பெயர். மேசையில் கத்திரிக்கோல் கிடக்கும், தொடமாட்டாள். சட்டைக் கழுத்தை முடித்ததும் தலையைச் சாய்த்து, கோரைப்பல்லால் நூலை ஒரே நறுக்கு. "கத்திரியத் தேடிக்கிட்டு இருந்தா நான் எப்ப வீட்டுக்குப் போறது?" துணியில் எச்சில் படாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தைக் கூட்டு என்று வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. கேட்க நினைத்த நாள் முழுக்கச் சத்தமாகக் கடிப்பாள். நான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தெருவில் வேலைக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்த முதல் ஆள் நான். பல்லுக்குத் தனியாகக் கட்டு என்றார்கள், அதையும் கட்டினேன். "உடம்புக்கு ஒண்ணு, பல்லுக்கு ஒண்ணா? பல்லு என்ன பக்கத்து வீட்டுக்காரனோடதா அண்ணே?" என்று அன்றே கேட்டவள் இவள்.

போன மாதம் அந்தக் கோரைப்பல்லுக்கே சொத்தை வந்து ஈறு வீங்கிக்கொண்டது. நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லைக் காப்பாற்றலாம், வேரைச் சுத்தம் செய்து மேலே கேப் போடவேண்டும் என்றார். இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போட்டேன். வேருக்குப் பாதிதான் தருவானாம். கேப் அழகுக்காம், அதற்குச் சல்லிக்காசு கிடையாதாம். பிடுங்கினால் மட்டும் முழுச்செலவும் அவனுடையதாம். காப்பாற்றினால் அவள் கையிலிருந்து மூன்று மாத வீட்டு வாடகை போகும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எத்தனையோ படித்த வியாபாரிகளைப் பேரத்தில் மடக்கியிருக்கிறேன். எரிகிற வீட்டை அணைக்கப் பாதிக்காசு, இடிக்க முழுக்காசு என்கிறவனிடம் என்ன பேரம் பேசுவது?

"நான் கட்டுறேன்மா" என்றேன்.

"எனக்குக் கட்டுவீங்க. மத்தவளுங்க வாயிலயும் சொத்தை இருக்கே, அறுபது பேருக்கும் கட்டுவீங்களா?"

மனதுக்குள் அறுபதால் பெருக்கிப் பார்த்தேன்.

"அப்புறம் இதுக்கு முதலாளி பல்லுன்னு பேரு வச்சிருவாளுங்க. வேணாண்ணே. பிடுங்கிக்கிறேன், ஓசிதானே?"

"நூலை எதை வச்சுக் கடிப்ப?"

"உங்க கத்திரி துருப்பிடிக்காம இருக்குல்ல? அது போதும்."

பல்லைப் பிடுங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது வாயில் பஞ்சு, கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. காசு வாங்கும் இடத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னாள்.

"இன்சூரன்ஸ் இருக்கும்மா" என்றேன்.

"இருக்கு சார். ஆனா வருஷத்துல முதல்ல வர்ற செலவை இவங்களே கட்டணும். ஒரு அளவைத் தாண்டினாத்தான் கம்பெனி குடுக்கும். பல்லு பிடுங்குறது அந்த அளவுக்குள்ளயே வந்துடுச்சு."

"முழுக்கத் தர்றோம்னானே!"

"தாண்டினதுக்கு அப்புறம் முழுக்க, சார்."

மேசையில் ஓங்கித் தட்டினேன். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பர்ஸை எடுத்தேன். கத்திரி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பேச முடியாது; பஞ்சு சிவந்துகொண்டிருந்தது. பையின் அடியிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடிப்பு நீவி, அந்தப் பெண்ணின் விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.