மச்சம் இல்லாத ராஜா

பதினேழு வருடமாக அவள் தற்காலிகம். நாணயச்சாலையில் மெருகுக்காரி என்று பேர். வெள்ளி நாணயம் அடிக்கிற எஃகு அச்சை மெருகுப் பசை தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற பதத்துக்குக் கொண்டுவருவாள். முடிசூட்டு விழா நாணயம் நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அச்சில் எல்லாமே தலைகீழ். நாணயத்தில் மேடாக வருவது அச்சில் பள்ளமாக இருக்கும், இடது வலதாகிவிடும். ராஜாவின் கன்னத்தில் கடுகளவு குழி ஒன்று அவள் கண்ணில் பட்டது. மெருகுக்காரிக்குக் குழி என்றால் ஜென்ம விரோதி. அரை நாள் தேய்த்து அதை ஒழித்துக்கட்டினாள்.

நாணயம் அடித்து வந்தது. ராஜாவின் மச்சத்தைக் காணோம்.

முதலில் பார்த்தது எடை பார்க்கிற பிரிவில் இருக்கும் நாத்தனார். அவளும் தற்காலிகம்தான்.

"என்ன அண்ணி, ஊரெல்லாம் படத்துல பார்க்கிற மச்சம். அதைப் போய்த் தேச்சுட்டீங்களே. எங்க அண்ணன் மூஞ்சியையும் அப்படியே ஒரு தேய் தேய்ங்க, புண்ணியமாப் போகும்."

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்ப்பதற்குள் முதல் பெட்டி அரண்மனைக்குப் போய்விட்டிருந்தது. தலை போகும் என்று எல்லோரும் காத்திருந்தபோது அரண்மனை அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தார். ராணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ராஜாவுக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறதாம்.

"யாரோட யோசனை?"

"நான்தாங்க எடுக்கச் சொன்னேன்" என்றார் மேலாளர்.

நிரந்தரம் கைக்கு எட்டின தூரத்தில் நிற்பதாக மெருகுக்காரிக்குத் தோன்றியது. "நான் எடுத்ததுங்க. யாரும் சொல்லல" என்றாள்.

மேலாளர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "நான் சொன்னப்ப நீ பக்கத்துலதானேம்மா இருந்தே?"

நாத்தனார் தராசைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆமா சார். என் காதால கேட்டேன்."

மேலதிகாரி மீது பொய் சொன்னதாக எழுதி, மெருகுக்காரியை அன்றே வெளியே அனுப்பினார்கள். மேலாளருக்கு விழா மேடையில் பதக்கம் கிடைத்தது. மெருகு மேசை நாத்தனாருக்குப் போனது, நிரந்தரமாக.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று வீட்டில் மெருகுக்காரி கேட்டாள்.

"ரெண்டு பேரும் தெருவுல நிக்கிறதுக்குப் பதிலா ஒருத்தராவது உள்ள இருக்கட்டுமே அண்ணி."

"அவ சொல்றதுல என்ன தப்பு?" என்றான் கணவன், தங்கையின் தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைத்தபடி. "வாயை வச்சுக்கிட்டு நீ சும்மா இருந்திருக்கணும்."

நாத்தனாருக்கு மெருகு வேலை தெரியாது. திங்கட்கிழமை மேசையில் உட்கார வேண்டும். அதற்குள் அண்ணி சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனே முடிவு செய்துவிட்டான். இன்று மாலை தொடங்குகிறார்கள்.