கரண்டியம்மாவின் மூக்கு

ஆலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவள் கரண்டியம்மா. கையில் கரண்டி இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது, அதனால் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. வாயைத் திறந்து ஒருத்தரிடம் சொன்னாளா? மாட்டாளே. குழம்பில் ஒரு சொட்டைக் காய் நறுக்குகிறவளின் நாக்கில் விடுவாள். அவள் முகம் சுளித்தால் உப்பு தூக்கல், சப்புக்கொட்டினால் சரி. இப்படியே காலத்தை ஓட்டினாள். ஆனால் பருப்பு அடிப்பிடித்தது மட்டும் இரண்டு தடவை தெரியாமல் போனது. "மூணாவது தடவை தீஞ்சா நீங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் சுற்றுலா பஸ்ஸில் இரண்டு சீட்டு பிடித்து இவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றாம் நாள் மத்தியானம் பஸ் ஒரு ரம் கடை முன்னால் நின்றது. பழம் போட்டது, ஏலக்காய் போட்டது, காப்பிக்கொட்டை போட்டது என்று அலமாரி முழுக்க பாட்டில். ருசி பார்ப்பது இலவசம். இலவசம் என்றால் நாத்தனாருக்குக் கால் தானாக நடக்கும்.

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னடி ஆகும்?"

"எனக்கு ஏன் வாங்கிட்டு வரலேன்னு கேப்பாரு. குடிங்க அண்ணி."

யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம். விரல் உயரக் கிளாஸ், அதற்குப் பெயர் குடி இல்லை.

கடைக்காரர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "என்ன வாசனை வருது, சொல்லுங்க" என்று வாத்தியார் மாதிரி நின்றார். கரண்டியம்மாவுக்குத் தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். நாத்தனாரின் வாயைப் பார்த்தாள்.

"அன்னாசி" என்றாள் நாத்தனார்.

"அன்னாசியேதான்" என்றாள் இவள்.

அடுத்தது ஏலக்காய். "சந்தேகமே இல்ல" என்றாள் இவள். மூன்றாவதற்குள் நாத்தனாருக்கு ஏறிவிட்டது. "ரோஜா" என்றாள்.

"நல்ல ரோஜா" என்றாள் கரண்டியம்மா.

"அது காப்பிம்மா!" பஸ் கூட்டமே சிரித்தது. "இந்தத் தடவை நீங்க முதல்ல சொல்லுங்க" என்று கடைக்காரர் நாலாவது கிளாஸை இவள் கையில் திணித்தார்.

மாட்டிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். என்னமோ சுருக்கென்று ஏறியது.

"சோப்பு."

"தேங்காய் ரம்மும்மா அது!"

"தேங்காயோ மாங்காயோ, பாத்திரம் தேய்க்கிற சோப்பு நாறுது. உங்க ஆளு கிளாஸை அலசல."

கடைக்காரர் வாங்கி முகர்ந்தார். காது சிவந்தது. கிளாஸை உள்ளே எடுத்துப் போனார்.

கரண்டியம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று மாதக் கதையையும் நாத்தனாரிடம் கொட்டினாள். நாத்தனார் யோசித்தாள்.

"அப்ப என் புது சென்ட் பிரமாதம்னீங்க?"

"பொய்."

"என் கேக்கு?"

"ருசி தெரிஞ்சிருந்தா தின்னிருப்பேனா?"

ஆனால் சோப்பு தெரிந்து என்ன பிரயோஜனம்? தீய்வது அல்லவா தெரியவேண்டும்! கூட வந்த ஒருவரிடம் தீப்பெட்டி வாங்கி அங்கேயே குச்சியைக் கிழிக்கப் போனாள்.

"ஐயோ அம்மா, கடை பூரா ரம்மு!" கடைக்காரர் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வாசல் படியில் நின்று கிழித்தாள். ஊதி அணைத்துப் புகையை இழுத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு குச்சி. அதிலும் இல்லை. மூன்றாவதில் தும்மினாள்.

"என்ன அண்ணி?"

"தீயுதுடி. நல்லாவே தீயுது!"

பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியில் பாதிக் குச்சி மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் கிழித்து முகர்ந்துவிட்டுத்தான் ஏறினாள்.