குப்புராஜ் வாங்கிய அறுபத்தொரு கதைகள்

மொத்தம் அறுபத்தொன்று. ரசீதுகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுகிறார் குப்புராஜ், கட்டைவிரலில் எச்சில் தொட்டுக்கொண்டு. கண்ணாடித் திரைக்கு எச்சில் தேவையில்லை என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரம் புரட்டுகிற விரல் அது.

மேடவாக்கத்தில் அவர் பத்திர எழுத்தர். அவருடைய குடும்பம் உழுத நிலத்தில் இன்று பதினான்கு மாடி நிற்கிறது. அதன் கிரயப் பத்திரத்தையும் அவரேதான் எழுதினார். எந்தக் காகிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "மொத பக்கத்துல சிரிப்பான் சார். கடிக்கிறது கடைசி பக்கத்துலதான்."

அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை எதையும் படிக்காமல் சம்மதம் சொன்னார். சர்க்கரை நோயால் மனைவி தையல்நாயகிக்குப் பார்வை மங்கியபோது, மகள் அனுப்பிரியா கைப்பேசியில் ஒலிநூல் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். யாரோ நாவல் வாசிப்பார்கள், கேட்டுக்கொண்டிருக்கலாம். 'வாங்கு' என்று பொத்தான் இருந்தது. குப்புராஜ் அழுத்தினார். மூன்று வருடம், மதியச் சாப்பாடு முடிந்ததும் தையல்நாயகி அந்தக் குரலோடுதான் இருந்தார்.

போன மார்ச்சில் ஒரு மதியம், கதாநாயகி கிணற்றில் விழுந்த இடத்தில் குரல் நின்றது. அறுபத்தொரு நூல்களும் காணோம். பதிப்பகங்களோடு செய்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம்.

"சார், நீங்க வாங்கினது புக் இல்ல. கேக்கறதுக்கான லைசென்ஸ் மட்டும்தான் சார்" என்றாள் வாடிக்கையாளர் சேவைப் பெண்.

"இன்னாம்மா பேசற? வாசல்ல கிரயம்னு போர்டு மாட்டிகினு உள்ள குத்தகைன்னு எழுதுவீங்களா? உங்க கம்பெனிக்கு இந்த புஸ்தகம்லாம் எப்டி வந்திச்சி? மூலப் பத்திரம் அனுப்பு. வில்லங்கம் போட்டு பாக்கணும்."

அந்தப் பெண் மேலதிகாரிக்கு இணைப்பைக் கொடுத்தாள். அவர், நிபந்தனைகளுக்குக் கீழே குப்புராஜ் போட்ட சம்மதக் குறியைச் சுட்டிக்காட்டினார்.

"படிக்காம டிக் போட்டது என் தப்பு. ஒத்துக்கிறேன். வாங்குன்னு பட்டன் வச்சது உங்க தப்பு. அத நீங்க ஒத்துக்கோங்க."

கேளம்பாக்கத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் அனுப்பிரியா, அதே நாவலின் திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். குப்புராஜ் அதைத் தொடவில்லை.

"நம்ம மனைக்குள்ள நாமளே செவுரேறி குதிக்கணுமா?"

"நீங்க ஜெயிக்கிற வரைக்கும் அம்மா என்னப்பா பண்ணுவாங்க?"

உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. "நான் கெடக்கறேன். கெணத்துல கீறவள உங்கப்பன் எப்ப தூக்குவாருன்னு கேளுடி."

செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் மனு போட்டார் குப்புராஜ். வக்கீல் வைக்கவில்லை. 'சொத்து விவரம்' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு நூலுக்கும் பெயர், வாங்கிய தேதி, எத்தனை மணி நேரம் ஓடும் என்பது வரை எழுதியிருந்தார். நிலப் பத்திரத்தில் வரும் நான்கெல்லை மட்டும்தான் இல்லை. மனுவைப் படித்தவர்கள் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். ஒரு வரி தப்புன்னு சொல்லட்டும், பாப்போம்."

போன வாரம் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. வழக்கைத் திரும்பப் பெற்றால் எல்லா நூல்களும் உடனே கிடைக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு. தையல்நாயகியின் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினார்.

"மறுபடியும் குத்தகைதான். ஆனா கேக்கறவ நீ. சரின்னு சொல்லு, இப்பவே எழுதித் தந்துடறேன்."

தையல்நாயகி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். மூன்று மாதமாக அந்த வீட்டு மதியத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"ரெண்டு வருஷம் கழிச்சி, வேற ஒரு கதைய பாதில புடுங்கிகினு போவான். அப்ப இன்னா பண்ணுவ? வேணாம்னு எழுது. கோர்ட்டுக்கு என்னையும் கூட்டிகினு போ. நானே சொல்றேன்."

குப்புராஜ் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் 'சம்மதமில்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவை மனைவியிடம் கொடுத்து, அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் இடம் காட்டினார். தையல்நாயகி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.

விசாரணை பதினெட்டாம் தேதி, காலை பத்தரைக்கு. தாம்பரத்திலிருந்து ரயிலில் இருவரும் செங்கல்பட்டு போகிறார்கள்.