பதினாலாம் அறையின் விளக்கு

எங்கள் அண்ணிக்கு விடுதியில் ‘அட்லஸ்’ என்று பட்டப்பெயர். தொலைபேசிப் பலகை முன்னால் உட்கார்ந்தபடியே, வந்து இறங்குகிறவர் எந்த நாடு என்று மட்டும் கேட்பாள். அவருக்கு எத்தனை தலையணை, வெந்நீர் எப்போது என்று சொல்லிவிடுவாள். ஜெர்மன்காரருக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கார் வாசலில் நிற்க வேண்டும். இத்தாலிக்காரர் குடும்பத்தைத் தூக்கம் வராதவர் அறைக்குப் பக்கத்தில் போடக் கூடாது. பெரும்பாலும் பலிக்கும். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதே விடுதியில் போர்வையும் துண்டும் துவைத்து மடிக்கிற எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

“நம்ம நாட்டுக்காரங்கன்னா என்ன சொல்லுவீங்க அண்ணி?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“நாத்தனார் வாய் மட்டும் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான்,” என்றாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், பதினாலாம் அறைக்கு ஒரு ஜப்பான் பெரியவர் தனியாக வந்தார். குனிந்து வணங்கிச் சாவியை வாங்கிக்கொண்டார். “இவங்க யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நாமளும் போய்த் தட்டக் கூடாது,” என்று அறை கூட்டுகிறவர்களிடம் அண்ணி சொல்லிவைத்தாள்.

மறுநாள் நண்பகல். நான் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது பலகையில் பதினாலாம் அறையின் சிறு விளக்கு எரிந்தது; அந்த அறையில் ரிசீவரை எடுத்தால் எரிகிற விளக்கு. அண்ணி எடுத்துக் காதில் வைத்தாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என்னிடம் நீட்டினாள்.

பேச்சே இல்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. நடுநடுவே யாரோ நகத்தால் எதையோ சுரண்டும் சத்தம். ரிசீவரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“சும்மா இரு. தெரியாம எடுத்திருப்பார். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறார். நீ போய்க் கதவைத் தட்டினா அவருக்குத்தான் அவமானம்.” பொத்தானை அமுக்கி இணைப்பைத் துண்டித்தாள். விளக்கு மறுபடி எரிந்தது.

“கூச்சப்படுறவர் இப்படியா மூச்சு விடுவார்?” என்றேன்.

“இத்தனை வருஷமா இந்த நாற்காலியில யார் உக்காந்திருக்கா?” துண்டுகளை வாங்கிக்கொண்டு என்னைத் துவைக்கும் அறைக்கே விரட்டினாள்.

வேலை முடிந்து வந்தேன். விளக்கு அணையவே இல்லை. மழையில் கூடம் இருண்டு, அந்தச் சிறு வெளிச்சம் அண்ணியின் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. “இப்ப மூச்சுச் சத்தமும் கேக்கல,” என்றாள். அப்போதுதான் எழுந்தாள். மாற்றுச் சாவியை அவள் கையிலிருந்து நான்தான் வாங்கித் திறந்தேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். முகத்தின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. ரிசீவர் மார்பின் மேல் இருந்தது. கண்கள் கதவையே பார்த்தபடி திறந்திருந்தன. பக்கவாதம், முதலில் பேச்சுத்தான் போயிருக்கும் என்றார் டாக்டர். மத்தியானமே பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

பெரியவரின் மகள் வந்தாள். ஏச்சு வாங்கத் தயாராக, கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணி எதிரே நின்றாள். எல்லாவற்றையும் தானே சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. மகள் திட்டவில்லை. அப்பா வாய் ஓயாமல் பேசுகிறவர் என்றாள், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய்விடுவாராம். தனியாக இவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் எல்லோருக்கும் பயம்தான். பிறகு, உங்கள் நாட்டுக்காரர்கள் விருந்தாளியைக் கண்போல் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், அதை நம்பி அனுப்பினோம் என்றாள்.

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலையணைக் கணக்கு இன்னும் பலிக்கிறது, அவளிடம் கேட்பதை மேனேஜரும் விடுவதில்லை. பதினாலாம் அறையை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. மழை பெய்தால் அந்த விளக்கு தானாக எரிகிறது. ஈரத்தில் ஒயர் கோளாறு என்கிறார் எலெக்ட்ரீஷியன், மூன்று தடவை மாற்றியும் பார்த்துவிட்டார். எரியும்போதெல்லாம் அண்ணி எடுத்து, “இதோ வந்துட்டேன் ஐயா,” என்கிறாள். சாவியோடு மாடியேறிப் போய்க் கதவைத் தட்டுகிறாள்.